மாத்திரை என்றால் அளவு

எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா, மாத்திரை என்ற பாடம் வந்ததும் முதலில் எதுவும் பேச மாட்டார். கண்ணை ஒரு தடவை இமைப்பார். கையை ஒரு தடவை நொடிப்பார். "இம்புட்டுத்தாம்ல ஒரு மாத்திரை" என்பார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. அதற்கு மேல் நீட்டினால் அளபெடை. அது செய்யுளில்தான் செல்லும், அங்கேயும் கேட்டுக்கொண்டுதான் நீட்ட வேண்டும் என்பார். மாத்திரை என்ற சொல்லுக்கே அளவு என்றுதான் பொருள். மருந்துக்கடையில் அட்டையோடு கிழித்துத் தரும் மாத்திரைக்கும் அதுதான் பொருள் என்பது என் புத்தியில் ஏற எழுபத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது. அதுவும் கண்ணை வைத்தே ஏறியது.

நான் பொதுப்பணித் துறையில் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணித் தண்ணீர் போகிற கால்வாய்களிலும் குளங்களிலும் என் காலம் கழிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் கண்ணாடி மாற்றலாம் என்று ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி, நீல வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தார்கள். வலது கண்ணில் 22, இடது கண்ணில் 38 என்று எழுதினார்கள். பாதரச மில்லிமீட்டர் கணக்கு அது. 10 முதல் 21 வரை இயல்பு. பிறகு இருட்டறையில் ஒரு கிண்ணத்துக்குள் முகத்தைக் கொடுத்து, புள்ளி வெளிச்சம் தெரிகிறபோதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வந்த படத்தில் இடது கண்ணின் மூக்குப் பக்கத்து மூலை கறுத்துக் கிடந்தது. அந்த இருட்டோடு நான் எத்தனை வருடம் பேப்பர் படித்தேனோ தெரியாது. வலது கண் அதை மூடி மறைத்துக் குடும்ப மானத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

கிளாக்கோமா என்றார் டாக்டர். நம் ஆட்கள் கண் பிரஷர் என்பார்கள். என்னைப் போல் தெரியாமல் நடமாடுகிறவர்கள் ஏராளம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தமிழகத்தின் மூன்று தென் மாவட்டக் கிராமங்களில் நாற்பது வயது தாண்டிய 5,150 பேரைப் பரிசோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்த நோய் இருந்தது. அதில் அதிகம் காணப்படும் திறந்த கோண வகை இருந்தவர்களில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை தமக்கு நோய் இருப்பதே தெரியாது.

டாக்டர் தாளை எடுத்துப் படம் போட்டு விளக்கினார். கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஓடுகிறது. கண்ணீர் வேறு, இது வேறு. கண் பாப்பாவுக்குப் பின்னால் ஊறி, பாப்பா வழியே முன்னால் வந்து, ஓரத்துக் கோணத்தில் சல்லடை போலிருக்கும் வடிகாலில் இறங்கி ரத்தத்தோடு கலந்துவிடுகிறது. நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோலிட்டர்தான் ஊற்று. சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து விழுகிற ஒரு சொட்டு அளவு ஊறுவதற்கே ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் சிரித்துவிட்டேன். "டாக்டர், இது எங்க டிபார்ட்மென்ட் வேலை" என்றேன். வரத்து பழைய வரத்து. தண்ணீர் வெளியேறும் கலங்கல் தூர்ந்துவிட்டது. நீர்மட்டம் ஏறுகிறது. குளமாக இருந்தால் கரை உடையும். கண்ணில் பின்சுவரில் இருக்கும் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். செத்த நரம்பு திரும்புவதில்லை.

சொட்டு மருந்து, லேசர், புதிதாக ஒரு வடிகால் வெட்டும் ஆபரேஷன் என்று வழிகள் உண்டு. என் இடது கண் ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது. பத்து நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அதுவரை நீர்மட்டத்தைப் பிடித்து வைக்கச் சொட்டு மருந்தோடு ஒரு மாத்திரையும் எழுதினார்கள். அசெட்டசோலமைடு என்பது மருந்தின் பெயர். டயமாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். கண்ணில் நீர் ஊறுவதற்குக் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்று ஒரு நொதி வேண்டும். இந்த மாத்திரை அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. குளத்து மொழியில் சொன்னால், வரத்துக் காலில் இருக்கும் ஷட்டரை இறக்குகிறது. முதலில் சிறுநீர் பிரிக்கும் மருந்தாக வந்த இதைக் கொடுத்தால் கண் அழுத்தம் இறங்குகிறது என்று 1954இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பெர்னார்ட் பெக்கர் என்ற கண் மருத்துவர் காட்டினார். அப்புறம் பல காலம் கண் நோயாளிகளுக்கு இதுவே பெரிய துணை. 1990களில் நல்ல சொட்டு மருந்துகள் வரிசையாக வந்த பிறகு, அவசரத்துக்கும் ஆபரேஷனுக்கு முந்தைய இடைவெளிக்கும்தான் பெரும்பாலும் இதைக் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு எழுதியது 250 மில்லிகிராம் மாத்திரை. காலை, மதியம், இரவு. பத்து நாளைக்கு முப்பது.

இரண்டாம் நாளே விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போலிருந்தது. அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் சோடா குடித்தேன். சப்பென்றிருந்தது. "கேஸே இல்லாத சோடாவுக்குக் காசா?" என்று சத்தம் போட்டேன். கடைக்காரர் இன்னொன்றை உடைத்துக் கொடுத்தார். அதுவும் வெறும் தண்ணீர். மூன்றாவதை அவரே உடைத்து மளமளவென்று குடித்து, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டு, "அண்ணாச்சி, சோடா நல்லாத்தான் இருக்கு. ஒங்க நாக்குத்தான் சரியில்ல" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சோடாவின் சுருசுருப்பை நாக்கு அறிவதற்கும் அந்த நொதிதான் வேண்டும். மாத்திரை அதையும் கட்டிப்போட்டிருந்தது. கண்ணுக்கென்று விழுங்குகிற மருந்து கண்ணோடு நிற்பதில்லை என்பதற்கு அந்தக் கடைக்காரர் அன்றே ருசு காட்டினார். நான்தான் கண்டுகொள்ளவில்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் அழுத்தம் பார்த்தார்கள். 38 இருந்தது 24 ஆகியிருந்தது. டாக்டருக்குத் திருப்தி. எனக்கு இல்லை. 21க்குள் வரவில்லையே என்பது ஒன்று. மூன்று மாத்திரை பதினான்கு புள்ளி இறக்கினால் ஆறு மாத்திரை எவ்வளவு இறக்கும் என்று பொறியாளன் மூளை கணக்குப் போட்டது இன்னொன்று. ராத்திரியானால் இடது கண்ணில் ஒரு பாரம். அது நோயின் பாரமா, மனசின் பாரமா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. படுத்த வாக்கில் வலது கண்ணைக் கையால் மூடி, சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் தேதி தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பேன். இரண்டு மணிக்கு எழுந்து போய், விளக்குப் போடாமல், அட்டையைத் தடவி ஒரு மாத்திரையை நெம்பி விழுங்கினேன். விடியற்காலை ஒன்று. மறுநாள் சாயங்காலம் ஒன்று. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார்கள் என்று தெரியும். தடுப்பார்கள் என்று தெரிந்ததைச் செய்கிறவனுக்கு அது தப்பு என்பதும் தெரிந்துதான் இருக்கும்.

ஏழாம் நாள் காலையில் சாய்வு நாற்காலியிலிருந்து என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் வேறு யாருடையவோ போலிருந்தன. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. சொட்டு மருந்தின் மூடியைத் திறக்க விரலில் வலு இல்லை. பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போய், தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மகன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான்.

அவசரப் பிரிவில் இருந்த சின்ன வயது டாக்டர் கேட்டார்: "ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போட்டீங்க?"

"மூணு" என்றேன்.

என் மனைவி ஒன்றும் பேசவில்லை. கைப்பையைத் திறந்து, மூன்று அட்டைகளையும் எடுத்து மேஜை மேல் வைத்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவள். ஆனால் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் விரல் நுனியில். "ஆறு நாளு போயிருக்கு. பதினெட்டு குறையணும். ரெண்டுதான் மிச்சம் இருக்கு. அப்போ இருபத்தெட்டு உள்ள போயிருக்கு. பத்து கூட" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தே சொன்னாள். முப்பத்தைந்து வருடம் ஒப்பந்தக்காரர்களின் அளவுப் புத்தகத்தைத் திருத்தியவன் நான். என் அளவு அன்றைக்குப் பொதுவில் பிடிபட்டது.

ரத்தத்தில் பொட்டாசியம் 2.8. அது 3.5க்குக் கீழே வரக்கூடாது. பைகார்பனேட் 14, அது 22க்கு மேல் இருக்க வேண்டும். ரத்தம் புளித்துப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மூச்சு வாங்கியது அதனால்தான். அமிலத்தை வெளியேற்ற நுரையீரல் தவித்திருக்கிறது. கிரியாட்டினின் 1.6. சிறுநீரகம் ஏற்கெனவே கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கண் அழுத்தத்தையும் பார்த்தார்கள். 24. மூன்றாம் நாள் இருந்த அதே 24. பத்து மாத்திரை கூடுதலாகப் போட்டும் ஒரு புள்ளி இறங்கவில்லை.

பெரிய டாக்டர் சாயங்காலம் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன விளக்கம் இது. பெரியவர்களுக்குக் கிளாக்கோமாவுக்காக இந்த மாத்திரையை ஒரு நாளைக்கு 250 மில்லிகிராமிலிருந்து 1,000 மில்லிகிராம் வரை, பல வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். நீண்ட நேரம் கரையும் 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலானால் காலை ஒன்று, மாலை ஒன்று. அங்கேயும் கூட்டிப் பார்த்தால் அதே ஆயிரம்தான். அந்த ஆயிரத்தைத் தாண்டினால் கண்ணுக்குப் பொதுவாகக் கூடுதல் பலன் கிடையாது. கண்ணில் உள்ள நொதி முழுதும் கட்டுண்டு போன பிறகு அடுத்த மாத்திரைக்கு அங்கே வேலை இல்லை. நொதியை எவ்வளவு கட்டினாலும் கண்ணில் நீர் ஊறுவது ஏறக்குறைய பாதியாகத்தான் குறையும். மிச்சப் பாதி வேறு வழியாக ஊறிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் கண்ணில் வேலையில்லாத மருந்து உடம்பில் சும்மா இருப்பதில்லை. சிறுநீரகத்திலும் அதே நொதி உண்டு. அங்கே அதைக் கட்டினால் பைகார்பனேட்டும் பொட்டாசியமும் சிறுநீரோடு போகும். அந்த நாட்களில் நான் தொட்டது 1,500, 1,750 மில்லிகிராம் கணக்கு.

"பலன் நின்னுபோற இடத்துக்கு அப்புறம் பக்கவிளைவு மட்டும்தாங்கய்யா ஏறும்" என்றார் அவர். அவர் சொல்லி முடித்தபோது என் காதில் வேறு ஒரு குரல் கேட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐப்பசி கடைசி, வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. ஒரு குளத்துக்குப் போகும் வரத்துக் காலில் தண்ணீர் தறிகெட்டு வருகிறது. குளத்தங்கரை ஒரு பக்கம் ஊறிப்போயிருக்கிறது. நானும், ஷட்டரைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கர் பெரியவரும் மேடையில் நிற்கிறோம். அவர் சக்கரத்தைச் சுற்றி ஷட்டரை இறக்கினார். ஓரங்களில் இன்னும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அவரை நகர்த்திவிட்டு நானே சக்கரத்தைப் பிடித்தேன். அவர் டார்ச்சை அடித்துக் கீழே பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், சுத்தாதீய. அடி தட்டிட்டு. கசியுறது கசியத்தான் செய்யும். இனி சுத்துனா தண்ணி நிக்காது, மறைதான் போவும்."

எனக்குப் படிப்பு இருந்தது. அவருக்கு இருந்தது அனுபவம் மட்டும். உடம்பு பலத்தையெல்லாம் கொடுத்து இன்னும் அரைச் சுற்றுச் சுற்றினேன். படக்கென்று ஒரு சத்தம். சக்கரம் லேசாகிவிட்டது. தண்டின் திருகு மறை போய்விட்டது. கசிவு ஒரு விரல் அளவுகூடக் குறையவில்லை. விடிந்ததும் மழை வெறித்தது. வெள்ளம் வடிந்தது. இப்போது ஷட்டரைத் தூக்க வேண்டும், தூக்க முடியவில்லை. எட்டு நாள் அந்தக் குளத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. நடவு போட்டிருந்தவர்கள் தினமும் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

புதுத் தண்டு மாட்டிய அன்று, ஷட்டர் முழுதும் இறங்கி அடி தட்டுகிற இடம் வரைக்கும் இறக்கச் சொல்லி, தண்டின் மேல் அந்த இடத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டார் லஸ்கர். "ராத்திரி வேளையில, பயம் வந்தவனுக்கு அடி தட்டுனது தெரியாது சார். கோடு தெரியும்" என்றார்.

எல்லை என்பது ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. ஆயிரம் என்பது மருந்தின் எல்லை. உட்கொள்கிற ஆளின் எல்லை வேறு. திருக்குறளில் மருந்து என்பது 95ஆம் அதிகாரம். அதில் 949ஆம் குறள், கற்ற மருத்துவன் மூன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது: நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம். நோயாளியை முதலில் வைத்தார் வள்ளுவர். இந்த மருந்து உடம்பில் சிதையாமல், அப்படியே சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது தேங்கும். இளவட்டத்துக்கு அளவான மாத்திரை, தளர்ந்த சிறுநீரகக்காரருக்கு அளவுக்கு மீறியதாகிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு வேளைகளைத் தள்ளிக் கொடுப்பார்கள். சிறுநீரகம் மிகவும் கெட்டிருந்தால் கொடுக்கவே மாட்டார்கள். ஈரல் சுருங்கிப்போனவர்கள், ரத்தத்தில் சோடியமோ பொட்டாசியமோ ஏற்கெனவே குறைந்தவர்கள் ஆகியோருக்கும் இது ஆகாது. சிறுநீரகக் கல் வந்தவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த மருந்து சல்ஃபா குடும்பத்தைச் சேர்ந்தது; சல்ஃபா ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்த கதை இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது.

நான் மறைத்தது, அதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றாதது, வேறு இரண்டு. ரத்தக் கொதிப்புக்காகப் பல வருடமாக ஒரு நீர் மாத்திரை போடுகிறேன். அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றுகிற ஜாதி. இதயத்துக்கென்று சின்ன ஆஸ்பிரின் ஒன்றும் போடுகிறேன். ஆஸ்பிரினும் இந்த மருந்தும் சேரும்போது கவனம் வேண்டும். ஆஸ்பிரின் பெரிய அளவில் சேர்ந்தால் உயிருக்கே உலை வைத்துவிடும். கண் டாக்டரிடம் கண் மருந்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். கண்ணுக்குத் தனியாக ஒரு ரத்தம் ஓடுகிறதா என்ன? இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டில் உள்ள அத்தனை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போகிறேன்.

வள்ளுவர் சொன்ன நோயின் அளவு, காலம் இரண்டிலும் சூட்சுமம் உண்டு. வடிகால் கோணம் திடீரென்று அடைத்துக்கொண்டு, கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தி எடுக்கிற வகை ஒன்று இருக்கிறது. அப்போது முதலிலேயே 500 மில்லிகிராம் கொடுத்து, பிறகு சில மணிக்கு ஒரு தரம் கொடுப்பதுண்டு. அது ஆஸ்பத்திரியில், டாக்டர் கண்ணெதிரே நடக்கிற காரியம். அந்தக் கணக்கை யாரோ சொல்லக் கேட்டு வீட்டில் நடத்தக் கூடாது. சாதா மாத்திரையின் வேகம் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தணியும். மெதுவாகக் கரையும் கேப்ஸ்யூல் ஒரு நாள் கிட்டத்தட்ட நிற்கும். கடையில் ஒன்று இல்லை என்று மற்றதைக் கொடுக்க, அதை நாம் "மூணு வேளை" என்ற பழைய வழக்கத்தில் விழுங்கினால், 750 என்பது நாம் அறியாமலே 1,500 ஆகிவிடும். எண்ண வேண்டியது மாத்திரையை அல்ல, மில்லிகிராமை. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடுவதும் கூடாது. பக்கவிளைவுக்குப் பயந்து நாமாக நிறுத்துவதும் கூடாது. நிறுத்தினால் வரத்து பழையபடி வந்துவிடும். விரல் மதமதப்பும் சோடா சப்பென்றாவதும் பலருக்கு வருவதுதான். உடம்பில் தடிப்பு, காய்ச்சலோடு தொண்டை வலி, காரணமில்லாமல் ரத்தக் கன்றல், விலாவில் கல் வலி, மயங்கின பேச்சு, மேல்மூச்சு வந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

ஒரு வாரம் பொட்டாசியம் கொடுத்து, மாத்திரையை நிறுத்தி, உடம்பு நிதானத்துக்கு வந்த பிறகு ஆபரேஷன் செய்தார்கள். இடது கண்ணில் மிச்சமிருந்ததைக் காப்பாற்றிவிட்டார்கள். கறுத்த மூலை கறுத்தபடிதான். அவசரப்பட்டு மூன்று நாளில் நான் காப்பாற்ற நினைத்த கண்ணுக்கு, நானே ஒரு வாரம் தாமதத்தை வாங்கிக் கொடுத்தேன்.

இதற்கிடையில் என் தம்பி மகள் லடாக் போகிறாள் என்று போன் செய்தாள். "பெரியப்பா, மலை ஏறுறவங்களுக்கு மூச்சு முட்டாம இருக்க டயமாக்ஸ் போடுவாங்களாமே. ஒங்ககிட்ட மிச்சம் இருக்கா?" உண்மைதான், உயரத்தில் வரும் தலைவலி, குமட்டலைத் தடுக்க இதே மருந்தைத்தான் 125 மில்லிகிராம், இரண்டு வேளை என்று கொடுக்கிறார்கள். பொருள் ஒன்று, காரியம் வேறு, அளவு வேறு. சின்ன வயதில் அவளுக்கு ஒரு சல்ஃபா மாத்திரையால் உடம்பெல்லாம் தடித்தது எனக்கு நினைவுக்கு வந்தது. "அட்டை இருக்கு தாயி. தர மாட்டேன். டாக்டர்கிட்டப் போ, இந்த சல்ஃபா கதையைச் சொல்லு" என்றேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். கோபம் ஆறிவிடும்.

வயதான காலத்தில் நாம் பயப்படுவது தப்பில்லை. கண் போகும் என்று பயப்படாதவன் யார்? ஆனால் பயத்துக்குக் கணக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே சொல் 'இன்னும்' என்பதுதான். டாக்டர் மூன்றோடு நிறுத்தினால் அவருக்கு நம்மேல் அக்கறை குறைவு என்று அதற்குத் தோன்றும். அவர் நின்றது அடி தட்டிய இடத்தில் என்பது பயத்தின் கண்ணுக்குத் தெரியாது. இது மருந்துக்கு மட்டுமா? பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதி, பேரனுக்குக் கொடுக்கும் செல்லம், சொந்தக்காரர் வீட்டில் எடுத்துக்கொள்ளும் உரிமை எல்லாவற்றிலும் ஷட்டர் அடி தட்டுகிற இடம் ஒன்று உண்டு. கொஞ்சம் கசிகிறது என்பதற்காக அதற்கு மேலும் சுற்றி, மறை போன உறவுகளை நான் பார்த்திருக்கிறேன். சுற்றியதில் நானும் உண்டு.

போன மாதம் வலது கண்ணில் அழுத்தம் 30 ஆகிவிட்டது. லேசர் செய்யத் தேதி கொடுத்து, அதுவரை மறுபடியும் அந்த மாத்திரையே எழுதினார்கள். ரத்தப் பரிசோதனை பார்த்து, சிறுநீரகத்தைப் பார்த்து, நீர் மாத்திரையை மாற்றிக் கொடுத்து, இந்தத் தடவை காலை ஒன்று, இரவு ஒன்று. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அட்டைகளைக் கத்தரிக்கோலால் இரண்டிரண்டாக வெட்டினாள். ஒரு நாள் துண்டை மட்டும் மேஜையில் வைத்துவிட்டு, மற்றதை பீரோவில் பூட்டினாள். பால் கணக்கு நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, தேதி எழுதி, 2 என்று எழுதி, அதன் கீழே பேரனுடைய சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டாள். அவள் அந்த லஸ்கரைப் பார்த்ததே இல்லை.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. பழைய பயம் வந்து காலடியில் உட்கார்ந்தது. காலண்டரைப் பார்க்கவா என்று கை இந்தத் தடவை இடது கண்ணை மூடப் போனது. பாதியில் இறக்கிவிட்டேன். பீரோ பூட்டியிருக்கிறது என்பது ஒரு பக்கம். அந்தச் சிவப்புக் கோடு இருட்டிலும் தெரிந்தது என்பது இன்னொரு பக்கம். தமிழ் ஐயா சொல்லிக் கொடுத்தபடி கண்ணை ஒரு தடவை இமைத்தேன். ஒரு மாத்திரை. இன்னொரு தடவை இமைத்தேன். நெடில். மூன்றாவது இமைப்பில் கண்ணைத் திறக்கவில்லை.